உடம்பு அடிக்கடி முடியாம போற பிள்ளைக்கு எல்.டி. (கற்றல் குறைபாடு) டெஸ்ட்: எப்ப எடுக்கலாம்?

வாசகர் கேள்வி, சிறப்பு ஆசிரியை பதில்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். நாங்க பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துல இருக்கோம். பையனுக்கு ஒம்பது வயசு, தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல்ல (ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும்) நாலாங்கிளாஸ். அஞ்சு வயசுல ஒருநாள் காலைல கண்ணு ரெண்டும் வீங்கிப் போய் எந்திரிச்சான், கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனோம், நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்னு சொன்னாங்க. மூத்திரத்துல புரோட்டீன் போற நோய். அதுல இருந்து நல்லாயிருப்பான், ஒரு சளி பிடிச்சா திரும்ப வந்துரும், திரும்ப ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரை சாப்பிடறப்ப ஆளே வேற மாதிரி, பசி பசின்னு கேப்பான், எதுக்கெடுத்தாலும் கோவம், ராத்திரி தூங்க மாட்டான். படிப்புல ரொம்பப் பின்னாடி இருக்கான். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கறான், ரெண்டாங்கிளாஸ் படிக்கற தங்கச்சி அவனைவிட வேகமா வாசிக்கறா. டீச்சர் எல்.டி. டெஸ்ட் எடுத்துப் பாருங்கன்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் நோய் முழுசா சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்ங்கறார். மாமியாரு, அந்த மாத்திரைதான் புத்திய மழுக்குதுங்கறாங்க. டெஸ்ட் அன்னிக்கு உடம்பு சரியில்லாம போயி, பிள்ளையப் பத்தி தப்பா எழுதிட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு எனக்கு பயமா இருக்கு. எப்பதான் எடுக்கறது?

பதில்: தங்கச்சி, உங்க பயம் நியாயமான பயம், அதை முதல்ல சொல்லிடறேன். தப்பான நாள்ல எடுத்த டெஸ்ட் தப்பாத்தான் வரும். ஆனா உங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரி நோய் முழுசா சரியாகட்டும்னு உக்காந்தா, அது எந்த வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டுக்கு கேக்கற நெஃப்ரோடிக் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர குறைஞ்சு, டீன் ஏஜ்ல நின்னுரும்னு டாக்டரே உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. அது நல்ல சேதிதான், ஆனா அதுக்குள்ள அவன் ஹைஸ்கூல்ல இருப்பான், வாசிக்கத் தெரியாமயே. அதனால முழுசா சரியாகறதுக்காக காத்திருக்க வேண்டாம், நடுவுல வர்ற நல்ல காலத்தைப் பிடிக்கணும். அந்த நல்ல காலம் எப்ப வருதுன்னு சொல்ற ஒரு நோட்டு ஏற்கனவே உங்க வீட்டுலயே இருக்கு.

மூத்திர நோட்டைத்தான் சொல்றேன். தினமும் காலைல முதல் மூத்திரத்துல புரோட்டீன் பாக்கற ஸ்ட்ரிப்பை முக்கி, ஒரு நிமிஷம் பொறுத்து, டப்பா மேல இருக்கற கலரோட ஒத்துப் பாத்து, நெகட்டிவ், ட்ரேஸ், 1+, 2+, 3+னு எழுதி வைக்கறீங்கல்ல, அதுதான். சில வீட்டுல ஸ்ட்ரிப் விலைக்கு பயந்து வீங்கினா மட்டும் பாக்கறாங்க, அப்படிப் பண்ணாதீங்க, வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே ஸ்ட்ரிப் காட்டிக் கொடுத்துரும். தொடர்ந்து மூணு நாள் 3+ வந்தா நோய் திரும்பிருச்சுன்னு அர்த்தம், தொடர்ந்து மூணு நாள் நெகட்டிவ் இல்லன்னா ட்ரேஸ் வந்தா அடங்கிருச்சுன்னு அர்த்தம்.

இப்ப அந்த நோட்டையும், இந்த வருஷத்து தமிழ் நோட்டையும் கணக்கு நோட்டையும் எடுத்து வச்சுக்கிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பக்கத்துல பக்கத்துல விரிச்சுப் பாருங்க. தேதி தேதியா பாருங்க. 3+ இருந்த வாரம், தினமும் ஃபுல் டோஸ் மாத்திரை சாப்பிட்ட வாரம், அந்தப் பக்கமெல்லாம் பென்சில்ல குறி போடுங்க. அந்த வாரங்கள்ல என்ன இருக்கும்னா நாலு வரி எழுதி நின்னுருக்கும், எழுத்து பெருசு பெருசா கோட்டை விட்டு வெளிய போயிருக்கும், கணக்குல பாதி போட்டு விட்டிருப்பான். அது உடம்போட வேலை, மருந்தோட வேலை. அதை விடுங்க. நெகட்டிவ் வந்த நல்ல வாரங்களோட பக்கத்தை எடுங்க. தூங்கி எந்திரிச்சு, நல்லா சாப்பிட்டு, ஸ்கூலுக்கும் ஒழுங்கா போன நாள். அங்கயும் 'வண்டி'ய 'வடி'ன்னு எழுதியிருக்கானா, 'பட்டம்'ங்கறதை 'படம்'னு எழுதியிருக்கானா, 'கொடி' எழுதறப்ப கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு இடம் மாறிக் கெடக்கா, குறில் நெடில் குழம்புதா, ஒரே வார்த்தைய ஒரே பக்கத்துல மூணு விதமா எழுதியிருக்கானான்னு பாருங்க. நல்ல நாள்லயும் அதே வகைத் தப்பு தொடர்ந்து வருதுன்னா, அதுக்கு நோயும் மாத்திரையும் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது.

மாமியார் சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதனால அவங்களோட சண்டைக்குப் போகாதீங்க. ஸ்டீராய்டு டோஸ் அதிகமா இருக்கறப்ப தூக்கம் கெடும், கோவம் வரும், ஒரு எடத்துல உக்கார முடியாது, கவனம் சிதறும், இப்பக் கேட்டதை மனசுல வச்சுக்கிட்டு வேலை செய்யறது கஷ்டமாகும், எழுதற வேகம் கொறையும். இதெல்லாம் டோஸ் கொறைய கொறைய பெரும்பாலும் சரியாயிரும். ஆனா எழுத்தைப் பாத்து அதோட சத்தத்தைச் சேக்கறது, சத்தத்தைக் கேட்டு எழுத்தாக்கறது, அந்த அடிப்படை வேலை மாத்திரை சாப்பிட்டா போயி நிறுத்தினா வர்றது கிடையாது. அப்புறம் ஒண்ணு, ரொம்ப முக்கியம்: டெஸ்டுக்காக ரெண்டு நாள் மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமான்னு சில பேர் கேக்கறாங்க. கூடவே கூடாது. ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு அதைத் தானா சுரக்கறதை மறந்திருக்கும், டக்குனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டோஸ்ல கை வைக்கறது உங்க கிட்னி டாக்டர் மட்டும்தான்.

சரி, நாள் எப்படிக் குறிக்கறது? நோய் திரும்பி வந்தா பொதுவா புரோட்டீன் நின்னு மூணு நாள் ஆகற வரைக்கும் தினமும் ஃபுல் டோஸ், அப்புறம் ஒரு நாலு வாரம் ஒண்ணு விட்டு ஒரு நாள், இப்படித்தான் கொடுப்பாங்க. தினமும் ஃபுல் டோஸ் ஓடற காலத்துல பெரிய டெஸ்ட் எதுவும் வேண்டாம். ஒண்ணு விட்டு ஒரு நாள் மருந்தும் முடிஞ்சு, நெகட்டிவ்வாவே ஓடி, ஸ்கூலுக்கு ஒரு மூணு நாலு வாரம் விடாம போனதுக்கப்புறம் எடுத்தா நல்லாயிருக்கும், நான் பெத்தவங்களுக்கு இப்படித்தான் சொல்றது. ஆனா சில பிள்ளைகளுக்கு அடிக்கடி வருதுன்னு சின்ன டோஸ் மாசக்கணக்குல ஒண்ணு விட்டு ஒரு நாள் ஓடும், அந்தப் பிள்ளைக்கு மாத்திரை ஜீரோ ஆகட்டும்னு காத்திருக்கறதுல அர்த்தமே இல்ல, அந்தச் சின்ன டோஸோட இருக்கறதுதான் அவனோட சாதாரண நாள், அதுலயே எடுங்க. மருந்து சாப்பிடற நாள்ல மட்டும் துறுதுறுன்னு இருப்பான்னா, டெஸ்ட் மருந்து இல்லாத நாள்ல வர்ற மாதிரி கேட்டு வாங்குங்க, மாத்திரைய மாத்தாதீங்க, தேதிய மாத்துங்க.

நம்ம ஸ்கூல் காலண்டரையும் பாருங்க. ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் மழை, கிளாஸ்ல ஒருத்தனுக்கு சளி வந்தா எல்லாருக்கும் வரும், இந்த நோய்க்கு சளிதான் சாவி. ஓணப் பரீட்சை முடிஞ்சு அடுத்து கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு இடையில ஒரு எடம் கிடைக்கும், அது போச்சுன்னா ஜனவரி, பிப்ரவரி. கொல்லப் பரீட்சை, அதாவது முழு ஆண்டுப் பரீட்சை நேரத்துல வேண்டாம். உங்க பையன் விஷயத்துல ஒரு அவசரம் இருக்கு, நாலு முடிச்சா அடுத்த ஜூன்ல அஞ்சாங்கிளாஸுக்கு யு.பி. ஸ்கூலுக்குப் போறான், பாடத்துக்கு ஒரு டீச்சர், அவனை நாலு வருஷமா பாத்த கிளாஸ் டீச்சர் அங்க இருக்க மாட்டாங்க. அதனால பிப்ரவரியக் கடைசி எல்லையா வச்சுக்கோங்க. அதுக்குள்ள நல்ல வாரம் அமையவே இல்லன்னா, அமையற நாள்ல வாசிப்பு, எழுத்து, கணக்கு மட்டுமாவது பாத்துடச் சொல்லுங்க, கூட எடுக்கற ஐ.க்யூ. (அறிவுத்திறன்) டெஸ்டைத் தள்ளி வைக்கலாம். ஐ.க்யூ. டெஸ்டை மட்டும் கெட்ட நாள்ல எடுத்துறாதீங்க, ஏன்னா சரியா வரலன்னு அடுத்த மாசமே திருப்பி எடுக்க முடியாது, கேள்வியெல்லாம் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும், மார்க் பொய்யா ஏறிடும்.

டெஸ்டுக்கு முன்னாடி கண்ணையும் காதையும் பாத்துடுங்க. இதை யாரும் சொல்றதில்ல, அதான் அழுத்திச் சொல்றேன். ஸ்டீராய்டு வருஷக்கணக்குல எடுத்தா கண்புரை வரலாம், கண்ணுல பிரஷர் ஏறலாம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண் டாக்டர்கிட்ட காட்டணும். போர்டு மங்கலா தெரியற பிள்ளைக்கு எல்.டி.ன்னு பேர் வச்சா அது பாவம். அடிக்கடி சளி பிடிக்கற பிள்ளைக்கு காதுக்குள்ள நீர் கட்டி கேக்கறது கொறையும். அப்புறம் புரோட்டீன் ரொம்ப நாள் போச்சுன்னா அதோட தைராய்டு ஹார்மோனும் சேந்து போகும், பிள்ளை மந்தமா இருப்பான், டாக்டர்கிட்ட தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பாக்கலாமான்னு கேளுங்க.

டெஸ்ட் எடுக்கற சைக்காலஜிஸ்ட்கிட்ட முன்கூட்டியே மூணு விஷயம் பேசிருங்க. ஒரே நாள்ல எல்லாம் முடிக்காம ரெண்டு மூணு நாளாப் பிரிச்சு, காலை நேரத்துல எடுக்க முடியுமான்னு கேளுங்க. அன்னிக்கு காலைல ஸ்ட்ரிப் 2+ காட்டினாலோ காய்ச்சல் அடிச்சாலோ போன் பண்ணி தேதி மாத்திக்கலாமான்னு கேளுங்க, மாத்தித் தர மாட்டேன்னு சொல்ற எடத்துக்குப் போகவே போகாதீங்க. டெஸ்ட் எடுத்தப்ப பிள்ளை என்ன மருந்துல இருந்தான், எத்தன மி.கி., கடைசியா நோய் எப்ப வந்துச்சுன்னு ரிப்போர்ட்லயே எழுதச் சொல்லுங்க, இது இருந்தா தப்பா எழுதிட்டாங்கன்னு நீங்க பயப்படற பயத்துக்கு பாதி மருந்து ஆச்சு. மூத்திர நோட்டையும் குறி போட்ட தமிழ் நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. நம்ம நாட்டுல அதிகமா எடுக்கற நிம்ஹான்ஸ் (பெங்களூர் மனநல ஆஸ்பத்திரி) டெஸ்ட்ல வாசிப்பு, எழுத்து, கணக்கோட கவனம், ஞாபகம் எல்லாமே பாப்பாங்க, அந்தக் கவனம், ஞாபகம் மார்க்கை மட்டும் நோயோட சேத்துப் பாக்கணும்னு அவங்களுக்கும் புரியும்.

எந்த மொழியில டெஸ்ட்ங்கறதும் கேளுங்க. நம்ம பிள்ளைங்க வீட்டுல தமிழ், பாடம் தமிழ், கூடவே மலையாளமும் படிக்கறாங்க. தமிழ்ல 'க' ஒண்ணுதான், மலையாளத்துல அந்த இனத்துக்கே நாலு எழுத்து, அதைத் தமிழ் மீடியம் பிள்ளை மாத்தி எழுதினா அது கோளாறு இல்ல, பழக்கம். மலையாளத்துல மட்டும் வாசிக்க வச்சு ரிப்போர்ட் எழுதினா ஒத்துக்காதீங்க. அவன் முதல்ல படிச்ச எழுத்துல, அதாவது தமிழ்ல பாக்கணும். ஷொர்ணூர்ல ஐகான்ஸ்ங்கற பேச்சு, மூளை சம்பந்தப்பட்ட நிறுவனம் இருக்கு, பாலக்காட்டுல டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையம்) இருக்கு, தமிழ்ல பாக்க ஆள் உண்டான்னு போன்ல கேட்டுட்டுப் போங்க. இல்லன்னா கோயமுத்தூர்ல எடுக்கலாம், தப்பில்ல. ஆனா கற்றல் குறைபாடு சர்ட்டிபிகேட்டுக்கு பொதுவா நீங்க குடியிருக்கற மாவட்டம்தான், அதாவது பாலக்காட்டுலதான் அப்ளை பண்ணணும், கோயமுத்தூர் ரிப்போர்ட்டை அங்க காட்டலாம், வேணும்னா அவங்க திருப்பிப் பாப்பாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு, எட்டு வயசுல இருந்து சர்ட்டிபிகேட் கொடுக்கலாம், பதினாலு வயசுலயும் பதினெட்டு வயசுலயும் திரும்பப் பாப்பாங்க. ஆக இப்ப எடுக்கறது வாழ்நாள் முத்திரை கிடையாது.

கடைசியா உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. டெஸ்டுக்கு நாள் பாக்கலாம், சொல்லிக் கொடுக்கறதுக்கு நாள் பாக்கக் கூடாது. பி.ஆர்.சி.ல (வட்டார வள மையம்) ஸ்பெஷல் எஜுகேட்டர் இருப்பாங்க, ஹெச்.எம். மூலமா கேளுங்க, சர்ட்டிபிகேட் இல்லாமயே வாசிப்புப் பயிற்சி ஆரம்பிக்கலாம். அதுல இன்னொரு லாபமும் இருக்கு. உங்க பையன் நோயால நெறைய நாள் ஸ்கூல் போகல, அப்ப டெஸ்ட் எடுக்கறவங்க கேக்கற முதல் கேள்வியே, இவன் படிக்க முடியாதவனா இல்ல இவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலயான்னுதான். ஆறு மாசம் தனியா உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தா, லீவால பின்தங்கின பிள்ளை கிடுகிடுன்னு எட்டிப் பிடிச்சுரும், எல்.டி. இருக்கற பிள்ளை முன்னேறும், ஆனா ரொம்ப மெதுவா. அந்த ஆறு மாசத்து நோட்டே பெரிய சாட்சி.

கேள்வி: கோவிந்தாபுரத்துல இருந்து எழுதறேன். எங்க பொண்ணுக்கு பத்து வயசு. திடீர்னு பேச்சை நிறுத்தி ஒரு எடத்தையே வெறிச்சுப் பாப்பா, கொஞ்ச நேரத்துல ஒண்ணும் நடக்காத மாதிரி பேசுவா. கனவு காணுறான்னு டீச்சர் ரெண்டு வருஷமா கம்ப்ளெய்ன்ட். இப்ப மூளைக்கு இ.இ.ஜி. டெஸ்ட் எடுத்து, அது ஒரு வகை வலிப்புன்னு மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. இவளுக்கும் எல்.டி. டெஸ்ட் வேணுமா? மாத்திரைல சரியாயிருமா?

பதில்: அண்ணா, நீங்க சொல்றது அப்சென்ஸ் வலிப்பு மாதிரி இருக்கு, அதுல ஒவ்வொண்ணும் பத்து செகண்ட் மாதிரிதான் இருக்கும், ஆனா ஒரு நாள்ல பல தடவை வரும், டீச்சர் சொல்ற வாக்கியத்துல நடுவுல நடுவுல ஓட்டை விழுந்தா பாடம் எப்படிப் புரியும்? அவ வேணும்னு பண்ணலங்கறதை முதல்ல டீச்சர்கிட்ட சொல்லுங்க, ரெண்டு வருஷம் திட்டு வாங்கின பிள்ளை அது. டெஸ்ட் இப்ப வேண்டாம். மருந்தை ஏத்தி இறக்கி அளவு பாக்கற காலத்துல எந்த டெஸ்டும் நேரா வராது, சில வலிப்பு மருந்து தூக்கம் வர வைக்கும், சிலது யோசனைய மெதுவாக்கும். வெறிச்சுப் பாக்கறது நின்னு, டோஸ் ஒரே அளவுல ரெண்டு மூணு மாசம் ஓடட்டும். அதுக்கப்புறம் கட்டாயம் எடுங்க. வலிப்பு நின்னுருச்சு, இனி எல்லாம் சரின்னு விட்டுடாதீங்க, ஏன்னா வலிப்பு அடங்கின பிறகும் சில பிள்ளைகளுக்கு கவனக் குறைவு அப்படியே நிக்குது. போன் கேமராவுல அவ வெறிச்சுப் பாக்கறதை ஒரு தடவை எடுத்து வைங்க, நியூராலஜிஸ்ட்டுக்கும் சைக்காலஜிஸ்ட்டுக்கும் ரெண்டு பேருக்குமே உதவும்.

கேள்வி: நான் எல்லையோரத்துல ஒரு தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல் டீச்சர். ஆஸ்துமா, வலிப்பு, இந்த மாதிரி நோயோட வர்ற பிள்ளைங்க கிளாஸ்ல இருக்காங்க. டெஸ்ட் ரிப்போர்ட் வர வரைக்கும் நான் என்ன பண்ணலாம்?

பதில்: டீச்சர், இப்படிக் கேக்க ஒருத்தர் இருக்கறதே அந்தப் பிள்ளைகளோட அதிர்ஷ்டம். நோட்டுல ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி போட வைங்க, பிள்ளை எழுதின தப்பை ரப்பர் போட்டு அழிச்சு சரியா எழுத வைக்காதீங்க, பக்கத்துல சரியானதை எழுதுங்க, அந்தத் தப்புதான் நாளைக்கு டெஸ்ட் எடுக்கறவங்களுக்கு வழி காட்டும். போர்டுல இருக்கறதை முழுசா காப்பி பண்ண விடாம பாதிய பிரிண்ட்டா கொடுங்க. பதில் தெரியுமான்னு பாக்க வாயால கேளுங்க, வாயால கரெக்ட்டா சொல்லிட்டு எழுத்துல விடறான்னா அதைத் தனியா குறிச்சு வைங்க, மார்க் ஷீட்ல அது தெரியாது. சத்தமா வாசிக்கச் சொல்லி மொத்தக் கிளாஸ் முன்னாடி நிக்க வைக்காதீங்க. அட்டென்டன்ஸ்ல வெறும் லீவுன்னு போடாம உடம்பு சரியில்லன்னு காரணமும் எழுதி வைங்க, பின்னாடி எத்தன நாள் போச்சு, எதனால போச்சுன்னு கேப்பாங்க. நாலு முடிச்சுப் போற பிள்ளைக்கு டி.சி. கொடுக்கறப்ப, அந்த யு.பி. ஸ்கூல் டீச்சர் யாருன்னு விசாரிச்சு நீங்களே ஒரு போன் போட்டுப் பேசிருங்க, பேப்பர்ல எழுதி அனுப்பினா பீரோவுலயே இருந்துரும்.